ஒரே இரவில் மாறிய ஜிஎஸ்டி.. ஸ்ரீரங்கம் லாட்ஜ் பில் எப்படி மாறணும்? 'ரூல் என்ஜின்' பற்றி எளிய விளக்கம்!

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மகாளய அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வந்த வெளியூர்க்காரர்களால் சுற்றுவட்டார லாட்ஜ்கள் நிரம்பும் நாள்.

அன்றைக்கு ஒரு லாட்ஜில் நாள் வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 12 சதவீதம், அதாவது 240 ரூபாய். மொத்த பில் 2,240 ரூபாய்.

விடிந்தால் திங்கள், செப்டம்பர் 22. அதே ரூம், அதே வாடகை. ஆனால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மொத்தம் 2,100 ரூபாய். ஒரு ரூமுக்கு 140 ரூபாய் வித்தியாசம்.

ஜிஎஸ்டி கவுன்சில் இந்த முடிவை அறிவித்தது செப்டம்பர் 3ம் தேதி. நடுவில் இருந்தது 18 நாள்தான். அதற்குள் லாட்ஜ், துணிக்கடை, செருப்புக்கடை, மளிகைக்கடை என எல்லா பில்லிங் சாஃப்ட்வேரும் மாற வேண்டியிருந்தது. சில கடைகளில் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவரே ஊரில் இல்லை, போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இந்தத் தலைவலியைக் குறைக்க மென்பொருள் துறையில் ஒரு வழி பல வருஷமாகவே இருக்கிறது. அதன் பெயர் 'ரூல் என்ஜின்'. அது என்ன, எப்படி வேலை செய்யுது, அதை நம்பலாமா? பார்க்கலாம்.

முதலில் பிரச்னை என்ன?

பில்லிங் சாஃப்ட்வேரில் இரண்டு விதமான வேலை இருக்கு.

ஒன்று, மாறாத வேலை. ரூம் நம்பரை எடுப்பது, வாடிக்கையாளர் பெயரைச் சேமிப்பது, பில்லை பிரின்ட் எடுப்பது. இது பத்து வருஷம் ஆனாலும் பெரிதாக மாறாது.

இரண்டாவது, அடிக்கடி மாறும் வேலை. எந்த ரூமுக்கு எத்தனை சதவீதம் வரி? யாருக்குத் தள்ளுபடி? எத்தனை மணிக்குமேல் தங்கினால் கூடுதல் கட்டணம்? இதெல்லாம் அரசு மாற்றும், இல்லை முதலாளி மாற்றுவார்.

பல சாஃப்ட்வேர்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். '12' என்ற எண்ணை ப்ரோகிராமர் கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. பில் பக்கத்தில் ஒரு தடவை, ஆன்லைன் புக்கிங்கில் ஒரு தடவை, மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு தடவை. மூன்றில் ஒன்றை மாற்ற மறந்தால் போதும், பில்லில் ஒரு தொகை வரும், ரிப்போர்ட்டில் வேறு தொகை வரும்.

சட்டப்படி இது சின்ன விஷயம் இல்லை. வரி என்று சொல்லி வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய பணத்தைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும். குறைவாக வாங்கியிருந்தால் மீதியைத் தன் கையிலிருந்து போட வேண்டும், வட்டியோடு. ஆக, சாஃப்ட்வேர் தப்புக்கு யாராவது ஒருவர் பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

ஒரு லாட்ஜ் ரூம்.. எட்டு வருஷத்தில் 4 கணக்கு!

"ஒரு தடவை மாற்றினால் முடிஞ்சது தானே?" என்று கேட்கலாம். லாட்ஜ் ரூம் வரியின் வரலாற்றைப் பாருங்க.

* 2017 ஜூலை 1 முதல்: 1,000 ரூபாய்க்குக் கீழ் வரி இல்லை. 1,000 முதல் 2,500க்குக் கீழ் வரை 12 சதவீதம். 2,500 முதல் 7,500க்குக் கீழ் வரை 18 சதவீதம். 7,500ம் அதற்கு மேலும் 28 சதவீதம்.
* 2019 அக்டோபர் 1 முதல்: 1,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் 7,500 வரை 12 சதவீதம். 7,500க்கு மேல் 18 சதவீதம்.
* 2022 ஜூலை 18 முதல்: 1,000 ரூபாய் வரையிலான ரூமுக்கும் 12 சதவீதம் வந்தது.
* 2025 செப்டம்பர் 22 முதல்: 7,500 வரை 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கு. 2017ல் '1,000க்குக் கீழ்' என்று இருந்தது, 2019ல் '1,000 வரை' என்று மாறியது. சரியாக 1,000 ரூபாய் வாடகை வாங்கிய லாட்ஜுக்கு முதலில் வரி உண்டு, பிறகு இல்லை. 'கீழ்', 'வரை' என்ற ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அதுமட்டுமில்லை. தொடக்கத்தில் போர்டில் எழுதிப் போட்டிருக்கும் வாடகையை வைத்துத்தான் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். 2018 ஜூலை 27 முதல், உண்மையில் வாங்கும் தொகையை வைத்துப் பார்க்கணும் என்று மாறியது. இப்போதைய கணக்கில், 8,000 ரூபாய் ரூமைத் தள்ளுபடி போட்டு 7,400க்குக் கொடுத்தால் 5 சதவீதம். தள்ளுபடி இல்லை என்றால் 18 சதவீதம்.

இப்படி ஒவ்வொரு தடவையும் கோடைத் தோண்டி மாற்றிக்கொண்டிருந்தால், எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோடை எழுதியவருக்கே அது புரியாது.

ரூல் என்ஜின் என்றால் என்ன?

மாறும் விதிகளைக் கோடிலிருந்து பிரித்து, தனியாக எழுதி வைப்பது. அந்த விதிகளைப் படித்து, கையில் இருக்கும் தகவலோடு பொருத்திப் பார்த்து, முடிவு சொல்லும் சின்ன மென்பொருள்தான் ரூல் என்ஜின். அவ்ளோதான்.

மூன்று பகுதி இருக்கு:

1. தகவல்: ரூம் வாடகை எவ்வளவு, என்ன தேதி, லாட்ஜ் ஜிஎஸ்டி பதிவு பெற்றதா. இப்போது நடந்துகொண்டிருக்கும் விஷயம்.
2. விதி: 'இப்படி இருந்தால், இப்படிச் செய்' என்ற வடிவத்தில் எழுதியது.
3. என்ஜின்: இரண்டையும் பொருத்திப் பார்த்து விடை தருவது.

பில்லிங் சாஃப்ட்வேர் என்ஜினிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த ரூம், இந்தத் தேதி, இந்த வாடகை. வரி எவ்வளவு?" என்ஜின் விதிகளைப் பார்த்து, "5 சதவீதம்" என்று சொல்லும். அந்த 5 எங்கிருந்து வந்தது என்பது பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டியதில்லை.

வரி மாறினால்? விதி எழுதிய ஃபைலை மட்டும் மாற்றினால் போதும். சாஃப்ட்வேர் அப்படியே இருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்கு விதி எழுதிப் பார்ப்போமா?

இன்றைய நிலையை நான்கு விதிகளில் சுருக்கமாக எழுதலாம்.

* விதி 1: லாட்ஜ் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை என்றால், வரி போடாதே. (பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயம்.)
* விதி 2: வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை, கோயிலைச் சார்ந்து பக்தர்களுக்காக நடத்தும் தங்குமிடம், நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், வரி இல்லை.
* விதி 3: நாள் வாடகை 7,500 வரை என்றால், 5 சதவீதம்.
* விதி 4: நாள் வாடகை 7,500க்கு மேல் என்றால், 18 சதவீதம்.

படித்தாலே புரியுது, இல்லையா? அதுதான் முக்கியம். லாட்ஜ் முதலாளி, அவருடைய ஆடிட்டர், சாஃப்ட்வேர் செய்தவர் மூணு பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்து, "ஆமாம், இது சரி" என்று சொல்ல முடியும். கோடுக்குள் புதைந்திருந்தால் ஆடிட்டரால் பார்க்கவே முடியாது.

இப்போது ஒரு சிக்கல். ஸ்ரீரங்கம் மாதிரி ஊரில் அறக்கட்டளைகள் நடத்தும் தங்குமிடங்களும் உண்டு. அப்படி ஒன்றில் 800 ரூபாய் ரூம் என்றால், விதி 2ம் பொருந்தும், விதி 3ம் பொருந்தும். ஒன்று 'வரி இல்லை' என்கிறது, இன்னொன்று '5 சதவீதம்' என்கிறது. எது ஜெயிக்கும்?

இதற்காகத்தான் ரூல் என்ஜின்களில் முன்னுரிமை என்ற வசதி இருக்கு. விலக்கு சொல்லும் விதிக்கு அதிக முன்னுரிமை கொடுக்கலாம். அல்லது, 'மேலிருந்து கீழே பார், முதலில் பொருந்துவதை எடு' என்று சொல்லலாம். அல்லது, 'எப்போதும் ஒரே ஒரு விதிதான் பொருந்தணும், இரண்டு பொருந்தினால் நிறுத்தி எச்சரிக்கை கொடு' என்றும் சொல்லலாம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மூன்றாவதுதான் பாதுகாப்பு. தப்பு இருந்தால் பில் வெளியே போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எந்தத் தேதியை எடுக்கணும்? இங்கேதான் பலரும் தடுமாறினாங்க!

வரி மாறிய நாளில் வந்த நிஜமான கேள்வி இது. செப்டம்பர் 22க்கு முன்பே பணம் கட்டியாச்சு, ஆனால் தங்குவது அதற்குப் பிறகு. பழைய வரியா, புதிய வரியா?

ஜிஎஸ்டி சட்டத்தின் 14வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. மூன்று விஷயத்தைப் பார்க்கணும்: சேவை கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள். எளிமையாகச் சொன்னால், இந்த மூன்றில் எந்தப் பக்கம் இரண்டு விழுதோ, அந்தப் பக்கத்து வரிதான்.

* செப்டம்பர் 18ல் முழுப் பணமும் கட்டினார். 24ம் தேதி தங்கினார். 25ம் தேதி பில். இரண்டு பின்னால் வருகிறது. புதிய வரி, 5 சதவீதம்.
* செப்டம்பர் 18ல் பணமும் கட்டினார், அன்றே பில்லும் கொடுத்துவிட்டார்கள். 24ம் தேதி தங்கினார். இரண்டு முன்னால் வருகிறது. பழைய வரி, 12 சதவீதம்.
* செப்டம்பர் 19ல் தங்கினார். 21ல் பில். 30ல் பணம். பழைய வரி.
* செப்டம்பர் 19ல் தங்கினார். பில்லும் பணமும் 23ல். புதிய வரி.

அமாவாசைக்கு வந்தவர், நவராத்திரிக்கு முன்கூட்டியே புக் செய்தவர், கம்பெனி கணக்கில் தங்கியவர் என்று கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. ரிசப்ஷனில் இருக்கும் பையன் இதையெல்லாம் மனசில் வைத்துப் பில் போடுவான் என்று எதிர்பார்க்க முடியுமா?

கோடுக்குள் எழுதினால் இது ஒன்றுக்குள் ஒன்றாக எட்டு 'இப்படியானால்.. இல்லையென்றால்' ஆகிவிடும். ரூல் என்ஜினில் இதை ஒரு அட்டவணையாக எழுதலாம். மூன்று கட்டம் கேள்வி, ஒரு கட்டம் விடை, மொத்தம் எட்டு வரி. இதற்கு 'முடிவு அட்டவணை' என்று பெயர். எக்செல் தெரிந்தவர் யாரும் படித்துச் சரிபார்க்கலாம். இந்த அட்டவணைகளை எழுதுவதற்கென்றே டிஎம்என் என்ற சர்வதேச தரமும் இருக்கு.

'எம்பெடபிள்' என்றால்? ஏன் அது முக்கியம்?

ரூல் என்ஜினை இரண்டு விதமாக வைக்கலாம்.

ஒன்று, எங்கோ ஒரு சர்வரில் தனியாக ஓடும். பில்லிங் சாஃப்ட்வேர் இன்டர்நெட் வழியாக ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கும்.

இன்னொன்று, சாஃப்ட்வேருக்குள்ளேயே ஒரு பாகமாகப் பொருத்திவிடுவது. இதைத்தான் எம்பெடபிள், அதாவது உள்பொருத்தும் என்ஜின் என்கிறார்கள். தனி சர்வர் வேண்டாம், மாத வாடகை வேண்டாம். நெட் போனாலும் பில் நிற்காது.

வைகுண்ட ஏகாதசி நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரே இடத்தில் லட்சக்கணக்கானோர் கையில் போன். அப்படிப்பட்ட நாளில் நெட் திணறினாலும் கவுன்ட்டரில் வரி கணக்கு நடக்கணும் என்றால், என்ஜின் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதுதான் நல்லது.

ஆனால் ஒரு சிரமம் உண்டு. 50 லாட்ஜில் 50 கம்ப்யூட்டர் என்றால், புதிய விதி ஃபைல் 50க்கும் போய்ச் சேரணும். ஒன்று விட்டுப்போனாலும் அங்கே பழைய வரிதான். அதனால் விதி ஃபைலை முன்கூட்டியே அனுப்பி, அதற்குள்ளேயே 'இந்தத் தேதி முதல் செல்லும்' என்று எழுதி வைப்பது வழக்கம். செப்டம்பர் 10ம் தேதியே ஃபைல் வந்துவிட்டாலும், 22ம் தேதி வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் யாரும் உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை.

பழைய விதியையும் அழிக்கக் கூடாது. ஆகஸ்ட் மாத பில்லில் திருத்தம் வந்தால், ஆகஸ்ட் மாத விதியில்தான் கணக்குப் போடணும்.

இது புதுசா கண்டுபிடிச்சதா?

இல்லை. இதன் வேர் 1970களில் இருக்கு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி என்பவர் 'ரீட்டே' என்ற வழிமுறையை உருவாக்கினார். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வலை என்று பொருள்.

அதன் சாரம் இதுதான்: ஆயிரம் விதி இருந்தால், ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தையும் முதலிலிருந்து பார்க்காதே. என்ன தகவல் மாறியதோ, அது தொடும் விதிகளை மட்டும் பார். பல விதிகளில் ஒரே நிபந்தனை இருந்தால் அதை ஒரே ஒரு தடவை சோதி. லாட்ஜ் கணக்கில் சொன்னால், வாடிக்கையாளர் போன் நம்பரை மாற்றினார் என்பதற்காக வரியை மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை.

1980களில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் 'கிளிப்ஸ்' என்ற கருவியை உருவாக்கியது. மற்ற ப்ரோகிராம்களுக்குள் பொருத்திக்கொள்ளும் வகையில் சி மொழியில் எழுதப்பட்டது அது. இன்றைக்கு ஜாவா மொழியில் 'ட்ரூல்ஸ்' பிரபலம். ஜாவாஸ்கிரிப்ட், டாட்நெட், கோ, பைத்தான் என மற்ற மொழிகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் என்ஜின்கள் இருக்கு.

ஆக, நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவில் இருக்கும் கம்பெனியாக இருந்தாலும் சரி, தில்லைநகரில் மாடியில் மூணு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன கம்பெனியாக இருந்தாலும் சரி, இதைப் பயன்படுத்த லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் நேரம்தான் செலவு.

லாட்ஜுக்கு மட்டும்தானா?

திருச்சி என்.எஸ்.பி. ரோடு துணிக்கடைக்குப் போங்க. இப்போது 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேட் உடைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். முன்பு எல்லை 1,000 ரூபாய், அதற்கு மேல் 12 சதவீதம். சேலை என்றால் கதையே வேறு. தைக்காத சேலை துணி வகையில் வருவதால் விலை எவ்வளவு என்றாலும் 5 சதவீதம்தான். ஒரே பில்லில் ஒரு சுடிதாருக்கு 18, அதைவிட விலை கூடிய பட்டுச் சேலைக்கு 5 என்று வரலாம். வாடிக்கையாளர் "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

இந்த 'ஏன்?' என்ற கேள்வி, பணத்தைவிடப் பெரிய இடங்களிலும் வரும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்க. 2023ல் விண்ணப்பிக்க வைத்த நிபந்தனைகளில் சில: வயது 21 நிறைந்திருக்கணும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள். கார் மாதிரி நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கிடையாது. வருமான வரி கட்டுபவருக்கும் கிடையாது. பிறகு 2025ல் சில தளர்வுகளும் வந்தன.

சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பத்தில், 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் முதலில் தேர்வானார்கள். மற்றவர்களுக்கு நிராகரித்த காரணம் எஸ்எம்எஸ்ஸில் வரும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு அறிவித்தது.

அந்தத் திட்டத்துக்குப் பின்னால் என்ன மென்பொருள் என்பது இங்கே பேச்சு இல்லை. ஆனால் இந்த மாதிரி வேலைக்கு என்ன வேணும் என்பதை அது காட்டுது. "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்று மட்டும் வந்தால் ஒரு பெண் என்ன செய்ய முடியும்? "மின் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டியது" என்று வந்தால், "அந்த மீட்டர் வாடகைக்காரர் வீட்டுது" என்று எதிர்த்துச் சொல்ல முடியும்.

நன்றாக அமைத்த ரூல் என்ஜின், முடிவோடு சேர்த்து எந்த விதி பொருந்தியது, அந்த விதி எந்தத் தேதியில் எழுதப்பட்டது, என்ன தகவலை வைத்து முடிவு எடுத்தது என்பதையும் பதிவு செய்ய முடியும். கணக்குச் சரியாக வருவது பாதி பயன் என்றால், காரணம் சொல்ல முடிவது மீதிப் பயன்.

எங்கே கோட்டை விடுவாங்க?

*எல்லைக் கோட்டில்.* வாடகை 7,500 என்றால் வரி 375, மொத்தம் 7,875 ரூபாய். வாடகை 7,501 என்றால் வரி 18 சதவீதம், மொத்தம் 8,851 ரூபாய். ஒரு ரூபாய் கூடியதற்கு பில்லில் சுமார் 976 ரூபாய் கூடுது! 'வரை' என்பதற்குப் பதில் 'கீழ்' என்று எழுதினால், சரியாக 7,500 கொடுக்கும் எல்லாரிடமும் தப்பாக வாங்கும். அதனால் விதி மாறும்போதெல்லாம் 999, 1,000, 7,500, 7,501 என்று எல்லையில் இருக்கும் எண்களைப் போட்டு, விடையை ஆடிட்டரிடம் காட்டி, அதற்குப் பிறகுதான் கடைக்கு அனுப்பணும்.

*விதியை மாற்றும் அதிகாரத்தில்.* விதி ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம் என்றால், வரியை யார் வேண்டுமானாலும் பூஜ்யம் ஆக்கலாம் என்று அர்த்தம். ஒருவர் எழுதணும், இன்னொருவர் ஒப்புதல் தரணும், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவும் இருக்கணும்.

*விதிகளின் எண்ணிக்கையில்.* 1970களின் கடைசியில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்துக்காக 'எக்ஸ்கான்' என்ற விதி அமைப்பு உருவானது. வாடிக்கையாளர் கேட்ட கம்ப்யூட்டருக்கு என்னென்ன பாகம் வேண்டும் என்று அது முடிவு செய்யும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், ஒன்றை மாற்றினால் இன்னொன்று என்ன ஆகும் என்று பார்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. கோடில் இருந்த குழப்பத்தை விதி ஃபைலுக்கு மாற்றினால் குழப்பம் தீராது, இடம்தான் மாறும்.

*தேவையே இல்லாத இடத்தில்.* உங்கள் கடையில் ஒரே ஒரு வரி, வருஷக்கணக்காக மாறவில்லை என்றால் ரூல் என்ஜின் வேண்டாம். அந்த எண்ணை செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்தாலே போதும். விதிகள் நிறைய, அடிக்கடி மாறும், ஒன்றோடு ஒன்று மோதும், காரணம் கேட்பார்கள் என்றால்தான் இது தேவை.

முதலாளி கேட்க வேண்டிய 4 கேள்வி

லாட்ஜோ, கடையோ நடத்துபவர் புதிய பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கும்போது, டெக்னிக்கல் விஷயம் எதுவும் தெரியாமலே இதைக் கேட்கலாம்:

1. வரி மாறினால் யார் மாற்றுவார்? எத்தனை நாள் ஆகும்? அதற்குத் தனிப் பணமா?
2. எந்தத் தேதியில் இருந்து மாறணும் என்று முன்கூட்டியே போட்டு வைக்க முடியுமா?
3. போன வருஷ பில்லைத் திறந்தால் போன வருஷ வரியிலேயே காட்டுமா?
4. இந்த பில்லுக்கு ஏன் இந்த வரி என்று காட்ட முடியுமா?

நான்காவது கேள்விக்கு, "அது சாஃப்ட்வேரே போட்டுக்கும் சார்" என்று மட்டும் பதில் வந்தால், கொஞ்சம் யோசிங்க.

தங்கப் போகும் நீங்கள் என்ன பார்க்கணும்?

அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போய் ரூம் எடுக்கும்போது பில்லை ஒரு நிமிஷம் பாருங்க. ஜிஎஸ்டி வாங்கினால் லாட்ஜின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் பில்லில் இருக்கணும். நாள் வாடகை 7,500 வரை என்றால் 5 சதவீதம்தான், மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று பிரித்துக் காட்டியிருக்கும். இன்னும் 12 சதவீதம் என்று இருந்தால், அங்கேயே கேளுங்க.

அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. பழைய 12ஐ யாரோ கோடுக்குள் எழுதி வைத்து, எடுக்க மறந்திருக்கலாம். நீங்கள் கேட்டால்தான் அது அவர்களுக்கே தெரியவரும்.